திரையில் எழுதினால் போதுமா?

வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறதா? செல்போனில் எழுத்துப் பழகும் செயலி வைத்திருக்கிறீர்களா? நல்லதுதான். 'அ' எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சுழிகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். அலுக்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் காட்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடித் திரை வழுக்கும். விரல் லேசாகத் தொட்டாலே கோடு விழும். பென்சில் அப்படியில்லை. மூன்று விரலால் பிடிக்க வேண்டும். அதிகம் அழுத்தினால் முனை உடையும். அழுத்தாவிட்டால் எழுத்தே தெரியாது. இந்தப் பக்குவத்தைத் திரை சொல்லித் தராது. கையின் சின்னத் தசைகள் பழகித்தான் அது வரும்.

விஜயதசமி அன்று தட்டில் அரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதை ஏன் ஒரு நாளோடு நிறுத்த வேண்டும்? அரிசி விரலில் உரசும். எழுத்தின் வடிவம் கையில் பதியும். சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள். அதுவும் எழுத்துப் பயிற்சிதான்.

செயலியில் ஐந்து நிமிடம் பழகட்டும். உடனே அதே எழுத்தைச் சிலேட்டில் எழுதட்டும். திரையில் பார்த்தது கைக்கு வர வேண்டும். முதலில் கோணல்மாணலாகத்தான் வரும். திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். இன்று மாலையே ஒரு சிலேட்டை எடுத்து வையுங்கள்.