தீருவின் சரக்குப் பட்டியல்

 

விவிலியத் தீர்க்கதரிசிகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. தீர்க்கதரிசி என்றதும் வருங்காலம் சொல்லும் ஜோசியர்தான் நம் நினைவுக்கு வருகிறார். எபிரேயத் தீர்க்கதரிசிகளின் வேலை அதுவல்ல. அரசனிடமும் ஆசாரியனிடமும் வணிகனிடமும் நேரே போய், நடக்கிற அநியாயத்துக்குக் கணக்குக் கேட்டவர்கள் அவர்கள். ஆமோஸ் ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். பெத்தேலில் போய் அவர் பேசியதும், இது அரசனுடைய கோயில் என்று சொல்லி அவரைத் துரத்தப் பார்த்தான் அமத்சியா என்ற ஆசாரியன். இந்தக் காட்சியை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தூத்துக்குடியில் நின்று பேசுவதால், ஒரு துறைமுகத்தின் மீது சொல்லப்பட்ட தீர்ப்பை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊர் தீரு. இன்றைய லெபனானில் சூர் என்ற பெயரில் இருக்கிறது. நமக்கு முத்தும் சங்கும் என்றால், அவர்களுக்குக் கடல் நத்தையிலிருந்து எடுத்த ஊதாச் சாயம். கடலுக்குள் இறங்கியவர் ஒருவர், பணக்காரர் ஆனவர் வேறொருவர்.

எசேக்கியேல், கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். அவருடைய நூலில் 26ஆம் அதிகாரம் தீருவுக்கான தண்டனையைச் சொல்கிறது. மதில்கள் இடியும், மண்ணும் சுரண்டி எடுக்கப்படும், மிஞ்சுகிற வெறும் பாறையில் வலைகளை விரித்துப் போடுவார்கள். கள ஆய்வின்போது திரேஸ்புரத்தில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "என்னம்மா, வலை காயப்போடுறது சாபமா? அந்த இடத்தத்தான நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார்.

மூன்று வருடமாக நான் புரட்டிக்கொண்டிருக்கும் விளக்கவுரைகளில் இந்தக் கேள்வி இல்லை. வணிகனுக்கு அழிவாகத் தெரிவது வலைக்காரருக்கு வாழ்க்கையாக இருக்கலாம். தீர்ப்பும் நம்பிக்கையும் இரண்டு தனி அதிகாரங்கள் அல்ல. கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து ஒன்றே இரண்டுமாகிறது.

27ஆம் அதிகாரத்தில் தீருவின் சரக்குப் பட்டியல் வருகிறது. வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், குதிரை, தந்தம், கருங்காலி, கோதுமை, தேன், எண்ணெய். நடுவில் மனிதர்கள். வெண்கலப் பாத்திரங்களோடு சேர்த்து, அதே வசனத்தில். எசேக்கியேல் அந்த இடத்தில் நின்று கோபப்படவில்லை, அடுத்த சரக்குக்குப் போய்விடுகிறார். அவரை நான் எவ்வளவு மதித்தாலும் இதை மன்னிக்க முடியவில்லை. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஆமோஸ், சகோதர உடன்படிக்கையை மறந்து ஒரு மக்கள் கூட்டத்தையே ஏதோமிடம் சிறையாக ஒப்படைத்தது என்று தீருவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தார்.

இனி நம் கரைக்கு வருவோம். 1658இல் தூத்துக்குடி போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. 1673 முதல் மதுரைச் சீமையில் வறட்சி, கூடவே போர். டச்சு ஆவணங்களை ஆராய்ந்த மார்கஸ் விங்க் ஒரு மதிப்பீட்டைத் தருகிறார்: 1673க்கும் 1677க்கும் இடையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் ஏற்றிச் சென்ற அடிமைகள் 1,839 பேர். அந்தக் கரையில் கம்பெனியின் தலைமை இடம் இந்த ஊர்தான். முத்துக்குளித்துறை வரலாறு என்று நான் வாசித்த பல நூல்களில் முத்தின் கணக்கு விலாவாரியாக வருகிறது, இந்த எண் வருவதில்லை.

பிறகு இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகள் போனார்கள். கப்பல் ஏறுவதற்கு முன் அவர்களை அடைத்துவைத்த முகாம்களில் ஒன்று, இங்கிருந்து மேற்கே உள்ள தட்டப்பாறையில் இருந்தது. போனவர்களில் பெரும்பகுதி நம் சேரி மக்கள். என் கொள்ளுத்தாத்தாவின் தம்பியும் போனார், திரும்பவில்லை. வலைக்காரரும் சரக்காக்கப்பட்டவரும் ஒரே கரையில் நின்றார்கள் என்பதற்காக இருவர் கதையும் ஒன்றாகிவிடாது. நடுவில் சாதி இருந்தது, இப்போதும் இருக்கிறது. திரேஸ்புரத்துப் பெரியவரிடம் இதையும் சொன்னேன். அப்போது அவர் சிரிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எசேக்கியேல் எதிர்பார்த்தபடி எல்லாம் நடக்கவில்லை. பாபிலோன் படை அவ்வளவு பாடுபட்டும் தீருவிடமிருந்து கூலி கிடைக்கவில்லை என்று அவர் நூலின் 29ஆம் அதிகாரமே ஒப்புக்கொள்கிறது. ஜோசியராக இருந்திருந்தால் இதை மறைத்திருப்பார்கள்.

ஏசாயா நூலின் 23ஆம் அதிகாரமும் தீருவைப் பற்றியதுதான். அதன் முடிவில் துறைமுகம் அழியவில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின் வியாபாரம் மறுபடி நடக்கிறது. ஆனால் லாபத்தைப் பூட்டி வைப்பதில்லை. கடவுளின் சந்நிதியில் வாழ்கிற மக்களுக்கு அது வயிறாரச் சோறும் நல்ல துணியும் ஆகிறது. பரலோகத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

என் அம்மா முப்பது வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். காலில் உப்புநீர் அரித்த தழும்பு இன்னும் இருக்கிறது. போன வாரம் இந்தப் பேச்சை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஏசாயா வரை பொறுமையாகக் கேட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் மூடிக்கிடக்கும், அப்போது கூலி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். "அந்தக் கப்பல் லாபம் மழை மாசத்துக்கும் உண்டுமா?" என்று கேட்டார்.