சீமைப் பெண்களும் பெண் விடுதலையும்



பெண் விடுதலை என்றவுடன் நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு விதமாய்ப் பேசுகிறார்கள். ஒரு கூட்டத்தார், அது சீமைச் சரக்கு, நமக்கு வேண்டாம் என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், அந்தக் காலத்துப் பெண்கள் கேட்டது நியாயம், இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பது அளவுக்கு மிஞ்சியது என்கிறார்கள். இரண்டாவது பேச்சு கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். ஆகையால் அதையே இன்று எடுத்துக்கொள்ளுகிறேன். சீமைச் சரக்கு என்கிறபடியால் சீமைக் கதையைக் கொண்டே சொல்லுகிறேன்.

200 வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் கலியாணமான பெண்ணுக்குச் சட்டத்தில் தனி ஆள் என்கிற பேரே கிடையாது. புருஷனும் பெண்ஜாதியும் ஒரே ஆள். அந்த ஆள் யாரென்றால் புருஷன்! அவள் சம்பாதித்த காசு அவனுடையது. அவள் சுமந்து பெற்ற பிள்ளையும் அவனுடையது. பாதிரிமார் இதற்கு வேத ஆதாரம் காட்டினார்கள். மனு எந்த தேசத்தில் பிறந்தாலும் மனுதானே!

கரோலைன் நார்ட்டன் என்று ஓர் அம்மாள் இருந்தார். புத்தகம் எழுதிப் பணம் சம்பாதித்தவர். புருஷன் வக்கீல், அடிக்கிறவன். 1836-ல் அவன் மூன்று பிள்ளைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபு தன் பெண்ஜாதியைக் கெடுத்தார் என்று வழக்குப் போட்டான். வழக்குத் தோற்றது. பொய் என்று ஏற்பட்ட பிறகாவது பிள்ளைகள் தாயிடம் வந்தார்களா? இல்லை. அந்த வழக்கில் அந்த அம்மாள் ஒரு கட்சிக்காரரே அல்ல. தன் மானத்தைப் பற்றிய வழக்கில் தனக்காக வாய் திறக்கக்கூட வழியில்லை! அவர் எழுதி எழுதி, 1839-ல் ஒரு சட்டம் வந்தது: ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டுத் தாய் கோர்ட்டுக்குப் போகலாம் என்று. அவர் பிள்ளைகளோ ஸ்காட்லாந்தில் இருந்தார்கள்; அந்தச் சட்டம் அங்கே செல்லாது. 1842-ல் கடைசிப் பையன் குதிரையிலிருந்து விழுந்தான். தாய் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

இவ்வளவு பட்ட அந்த அம்மாள், ஆணும் பெண்ணும் சமம் என்று சொன்னாரா என்றால், அதுதான் இல்லை! ஆணே மேல், அது இயற்கை, நான் கேட்பது பாதுகாப்பு மாத்திரம் என்றே எழுதினார். இதற்காக அவரைக் கேலி செய்யக்கூடாது. கழுத்தில் கால் இருக்கும்போது முதலில் காலை எடு என்றுதான் கேட்க வரும்.

அடுத்த தலைமுறைக்கு இது போதவில்லை. 1866-ல் சுமார் 1,500 பெண்கள் கையெழுத்திட்டு ஓட்டுரிமை கேட்டார்கள். ஜான் ஸ்டூவர்ட் மில் அதைப் பார்லிமெண்டில் கொடுத்தார். 1867-ல் அவர் திருத்தம் கொண்டுவந்தபோது 73 பேர் ஆதரவு, 196 பேர் எதிர்ப்பு. அப்போது சிம்மாசனத்தில் இருந்தவர் ஒரு ஸ்திரீ. அவரே பெண்ணுரிமைப் பேச்சை வெறுத்தார். சொத்து விஷயம் மாத்திரம் 1870-லும் 1882-லும் சட்டமாகி, கலியாணமான பெண்ணின் காசு அவளுடையதாயிற்று.

பெசண்டு அம்மையாரை உங்களுக்குத் தெரியும். அடையாற்றில் தியாசபி பேசுவதற்கு முன் அவர் சீமையில் நாஸ்திகர். கர்ப்பத்தடைப் புத்தகம் அச்சிட்டதற்காக 1877-ல் பிராட்லாவுடன் கூண்டில் நின்றார். பாதிரியாரான அவருடைய புருஷன் அதையும் நாஸ்திகத்தையும் காட்டி 1878-ல் பெண் குழந்தையைக் கோர்ட்டு மூலம் பிடுங்கிக்கொண்டார். 1839-ல் கேட்டது தாய்க்குப் பிள்ளை. இவர் கேட்டதோ எத்தனை பிள்ளை என்று தாய் முடிவு செய்வது. பிந்திய காலத்தில் அவர் எங்கே போனாரோ, அது வேறு சங்கதி.

ஓட்டுக்காக ஜெயிலுக்குப் போனதும், பட்டினி கிடந்தவர்கள் தொண்டையில் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றியதும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1918-ல் கிடைத்தது 30 வயதும் சொத்துத் தகுதியும் உள்ளவர்களுக்கே. யுத்தத்தில் வெடிமருந்துச் சாலையில் உழைத்த இளம்பெண்களில் பெரும்பாலாருக்கு இல்லை. 21 வயதில் ஆணுக்குச் சமமாய் ஓட்டு வந்தது 1928-ல்தான்.

ஓட்டு வந்தவுடன் பெண்களுக்குள்ளேயே சச்சரவு. எலியனார் ராத்போன் அம்மையார், ஆணைப்போல் ஆவது மாத்திரம் விடுதலையல்ல, பிள்ளை வளர்ப்பதும் வேலைதான், அதற்குச் சர்க்கார் பணம் தரவேண்டும் என்றார். மற்றவர்கள், அப்படியானால் பெண் அடுப்பங்கரையிலேயே தங்கிவிடுவாள் என்றார்கள். 1945-ல் சட்டம் வந்தபோது அந்தப் பணத்தைத் தகப்பன் கையில் கொடுக்கவே சர்க்கார் முதலில் எண்ணிற்று! ராத்போன் போராடித் தாய் கைக்கு மாற்றினார். பயந்தவர்கள் பேரிலும் தப்பில்லை. 1970-ல் ஆக்ஸ்போர்டில் கூடிய பெண்களின் இயக்கம், 24 மணி நேரப் பிள்ளைக் காப்பகம் கேட்டது. பிள்ளை தாய்க்கு மாத்திரம்தானா என்பது பேத்தியின் கேள்வி.

கூலியைப் பாருங்கள். 1968-ல் டாகன்ஹாம் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில் ஆசன உறை தைக்கும் 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் தையல் தொழில் தெரியாத வேலையாம்! ஆண் கூலியில் நூற்றுக்கு 92 வரை ஏற்றிச் சமாதானம் செய்தார்கள். 1970-ல் சமகூலிச் சட்டம் வந்தது. தைப்பது தொழில்தான் என்று முதலாளி ஒப்புக்கொண்டதோ 1984-ல்.

கடைசியாக ஒன்று, சகோதரிகள் இருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் சொல்லுகிறேன், ஏனெனில் இது அவர்கள் சங்கதி. புருஷன் பலவந்தம் செய்தால் அது குற்றமல்ல, தாலி கட்டினபோதே அவள் சம்மதித்துவிட்டாள் என்பது பழைய இங்கிலீஷ் சட்டத்தின் கொள்கை. அங்கே மோதிரம், இங்கே தாலி. 1991-ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் இதைக் கட்டுக்கதை என்று தள்ளினார்கள். ஆனால் வெள்ளைக்காரன் 1860-ல் நமக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் இருந்த அதே விலக்கு, 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த நம் புதிய சட்டத்திலும், 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ஜாதி விஷயத்தில், அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. பெண் விடுதலை சீமைச் சரக்கு என்பவர்கள் இந்தச் சீமைச் சரக்கை மாத்திரம் பத்திரமாய் வைத்திருப்பதேன்?

நேரமாகிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருக்கும் சகோதரிகள் கேள்வி கேட்க வேண்டுமென்று தலைவரைக் கேட்டுக்கொண்டு நான் உட்காருகிறேன்.