வெயிலால் தூய்மையாகும் மண்

மண்ணில் ஒளிந்திருக்கும் நோய்க்கிருமியை மருந்தில்லாமல் கொல்ல முடியுமா? முடியும் என்று 1976-இல் காட்டியது இஸ்ரேலில் யாக்கோவ் காடன் தலைமையிலான ஆய்வுக் குழு. கத்தரி, தக்காளியைத் தாக்கும் வாடல் நோய்ப் பூஞ்சைதான் அவர்கள் இலக்கு.

வெயிலின் சூட்டையே மருந்தாக்கும் முறை இது: கோடையில் நிலத்தைக் கொத்திச் சமன்செய்து, நன்றாக நீர் பாய்ச்சி, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். ஈரம்தான் இதில் உயிர்நாடி: சூட்டை ஆழத்துக்குக் கடத்துவது அதுவே.

மேல்மண் 50 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பூஞ்சைகளும் பல களை விதைகளும் மடிகின்றன. கோரைக்கிழங்கு பெரும்பாலும் தப்பிவிடும்.

வியப்பு என்னவென்றால், பேசில்லஸ் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் சூட்டைத் தாங்கி மீண்டும் வேகமாகப் பெருகுகின்றன. செடிக்குத் தழைச்சத்தும் கூடுதலாகக் கிடைக்கிறது. தாளை எடுத்தபின் ஆழமாகக் கிளறக் கூடாது. அடிமண்ணின் களை விதைகள் மேலே வந்துவிடும்.