அந்த வீட்டுத் திண்ணையில் யார் உட்காருவது?



மில் இயந்திரத்தில் சிக்கி ஒரு தோழர் மாண்டால் செங்கொடி போர்த்துகிறோம். நஷ்டஈடு கேட்டு வாசலில் நிற்கிறோம். பதினாறாம் நாள் வரை அவர் வீட்டில் மாறி மாறி இருக்கிறோம். ஒருவர் தன் உயிரைத் தானே போக்கிக் கொண்டாலோ, சுடுகாட்டிலிருந்து நேரே நம் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். போன வருஷம் நாமே அப்படித்தான் செய்தோம். மூன்று மாதம் கழித்து அந்தத் தோழரின் மனைவி கேட்டார்: "அண்ணே, ஏன் ஒருத்தரும் வாசப்படி மிதிக்கல?" பதில் சொல்ல நமக்கு வாயில்லை.

போலீஸ் அவரை விசாரித்தது. லேவாதேவிக்காரன் புருஷனின் கடனை அவர் தலையில் வைத்தான். "நீ கவனித்திருக்கக் கூடாதா?" என்றது ஊர். தூக்கமில்லாத இரவுகளில் அவரும் தன்னை அதைத்தான் கேட்டுக் கொண்டிருந்தார். தற்கொலை என்ற சொல்லிலேயே கொலை இருக்கிறதல்லவா, ஜனங்களின் புத்தி உடனே குற்றவாளியைத் தேடுகிறது! முயன்று பிழைத்தவரைத் தண்டிக்க வெள்ளைக்காரன் வைத்த 309-வது பிரிவு, 2017 மனநலச் சட்டத்தால் பல் பிடுங்கப்பட்டு, 2024ல் வந்த புதிய தொகுப்பில் இல்லாமல் போயிற்று. ஊர்ப் பேச்சு போகவில்லை.

மதுரையில் எழுத்தாளர் நந்தினி முரளி 2017ல் தம் கணவரை இவ்விதம் இழந்தார். அதை மறைக்காமல் சொன்னார். எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையின் துணையோடு 'ஸ்பீக்' என்ற முயற்சியைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஹாரி ரீட், சுரங்கத் தொழிலாளியின் மகன். 1972ல் தகப்பனை இழந்து, பல வருஷம் அதைப் பற்றி வாய் திறக்காதவர். அவர் செனட்டில் கொண்டுவந்த தீர்மானத்தால் 1999 முதல் நவம்பரில் ஒரு சனிக்கிழமை, இப்படி இழந்தவர்கள் கூடுகிறார்கள்; இன்று பல நாடுகளிலும்.

இத்தகைய குழுக்களில் நடப்பது என்ன? வட்டமாக உட்காருகிறார்கள். நடத்துபவரும் பெரும்பாலும் இழந்தவரே. பேசலாம், பேசாமலும் இருக்கலாம். யாரும் உபதேசம் செய்வதில்லை. உயிர் போன விதத்தை விவரிப்பதில்லை. அங்கே கேட்டது டீக்கடைக்கு வருவதில்லை. இந்தக் கடைசி விதிதான் நம் ஊரில் கஷ்டம்!

கூலி உயராமல், கடன் ஒழியாமல் பேசி என்ன பயன் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. கூலிப் போராட்டம் நடக்கத்தான் வேண்டும். ஆனால் நள்ளிரவில் அந்த அம்மாளின் பக்கத்தில் கோரிக்கை மனு உட்காராது. இழந்தவருக்கே அதே எண்ணம் வருவதும் உண்டு. அப்போது கூட்ட நாளுக்குக் காத்திராமல், இரவோ பகலோ, சர்க்காரின் 14416 எண்ணில் பேசச் செய்யுங்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கக் கட்டிடத்தின் பின் அறை திறந்திருக்கும். கொடி வேண்டாம், மைக் வேண்டாம். அந்த அம்மாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகனை இழந்த விவசாயத் தொழிலாளி ஒருவரும் வருகிறார். உங்கள் தெருவில் யாரேனும் இருந்தால் கூட்டி வாருங்கள். வாசலோடு நீங்கள் திரும்பிவிடுங்கள். டீக்கு நாங்கள் பொறுப்பு.