சாப்பிடுகிற ஆத்துமா

லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் பணக்கார விவசாயி ஒருவன் வருகிறான். விளைச்சல் கொட்டிக் கிடக்கிறது, களஞ்சியம் போதவில்லை. பழையதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டத் தீர்மானிக்கிறான். பிறகு தன் ஆத்துமாவைக் கூப்பிட்டு, பல வருஷத்துக்குச் சேர்த்தாயிற்று, இனிச் சாப்பிட்டுக் குடித்துச் சந்தோஷமாக இரு என்கிறான்.

ஆத்துமா சாப்பிடுமா? நம்மில் பலர் நினைத்திருக்கும் ஆத்துமாவுக்குப் பசி கிடையாது. அது உடம்புக்குள் குடியிருந்து, சாகும்போது வெளியேறுவது. லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் 'ப்சூகே'. அந்த ப்சூகேக்குப் பசிக்கும்.

அன்று இரவே அவனுடைய ப்சூகே திரும்பக் கேட்கப்படுகிறது. கதை முடிந்ததும் இயேசு சீடர்களைப் பார்த்து, எதைச் சாப்பிடுவோம் என்று உங்கள் ப்சூகேக்காகக் கவலைப்படாதீர்கள் என்கிறார். பழைய திருப்புதல் எனப்படும் தமிழ் வேதாகமத்தில் கதைக்குள் 'ஆத்துமா' என்றும், அறிவுரையில் 'ஜீவன்' என்றும் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்தந்த இடத்தில் அவை பொருந்தவே செய்கின்றன. ஆனால் செல்வன் தன் களஞ்சியத்தை நம்பி எதற்குத் தைரியம் சொன்னானோ, ஏழைச் சீடர்கள் அதற்காகவேதான் கவலைப்படுகிறார்கள். அந்த நெருக்கம் கிரேக்கத்தில் காதில் விழுகிறது, தமிழில் நழுவிவிடுகிறது.

இந்தச் சொல்லுக்கு இரண்டு பிறந்த வீடுகள். ஒன்று கிரேக்கம். அங்கே பிளேட்டோ, உடல் அழிந்தாலும் ப்சூகே அழியாது என்று வாதாடினார். மற்றொன்று எபிரெயம். கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் யூத வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், 'நெஃபெஷ்' வந்த இடங்களில் பெரும்பாலும் ப்சூகே என்றே எழுதினார்கள். நெஃபெஷ் என்றால் தொண்டை, மூச்சு, உயிர், ஆள். ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் கடவுள் மண்ணால் செய்த மனிதனின் நாசியில் ஊதுகிறார். மனிதன் உயிருள்ள நெஃபெஷ் ஆகிறான். கவனியுங்கள், நெஃபெஷைப் பெறவில்லை, நெஃபெஷ் ஆகிறான். அதே நூலின் முதல் அதிகாரத்தில் கடல்வாழ் பிராணிகளும் நெஃபெஷ்தான்.

புதிய ஏற்பாட்டை எழுதியவர்கள் இந்த வேதத்தில் ஊறியவர்கள். புதிய ஏற்பாட்டில் ப்சூகே நூறு முறைக்கு மேல் வருகிறது. பவுல் ரோமுக்குப் போகும் வழியில் உடைந்த கப்பலில் 276 ப்சூகேக்கள் இருந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. தமிழில் 'பேர்' என்று படிக்கிறோம். கப்பல் உடைந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வோமே, அந்த 'உயிர்' இதற்கு மிக அருகில் நிற்கிறது.

எல்லா இடமும் இவ்வளவு எளிதல்ல. மத்தேயு 10:28இல், உடலைக் கொல்கிறவர்களால் ப்சூகேயைக் கொல்ல முடியாது என்று இயேசு சொல்கிறார். இங்கே இரண்டும் பிரிந்தே நிற்கின்றன. அதனால் ப்சூகே என்றால் எப்போதும் முழு மனிதன்தான் என்று அடித்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதே வசனம், கடவுளால் இரண்டையும் அழிக்க முடியும் என்று முடிகிறது. தன் இயல்பாலேயே அழியாத பிளேட்டோவின் ஆன்மா அல்ல இது.

1950களில் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் ஆஸ்கர் குல்மன் என்ற இறையியலாளர் இரண்டு மரணங்களை அருகருகே வைத்தார். சாக்ரடீஸ் கலங்காமல் நஞ்சைக் குடிக்கிறார். ஆன்மா விடுதலையாகப் போகிறது என்பது அவர் நம்பிக்கை. இயேசு கெத்செமனேயில் நடுங்குகிறார். சாகுமளவுக்குத் துயரப்படுவது தன் ப்சூகே என்று மாற்கு 14ஆம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். அவருக்கு மரணம் விடுதலை அல்ல, எதிரி. அதனால்தான் முதல் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை, ஆன்மா தப்பிப்போவதில் அல்லாமல், செத்தவர் உயிரோடு எழுவதில் இருந்தது என்றார் குல்மன்.