அம்பு நஞ்சும் அருமருந்தும்



தலைவலிக்கு மாத்திரை விழுங்குகிறோம். வயிற்றுக்குள் இறங்கிய அந்த மாத்திரை, தலையில் வலிக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொண்டு அங்கே போய்ச் சேர்ந்தது என்று நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. உண்மையில் மருந்து எதையும் தேடிப் போவதில்லை. இரத்தத்தோடு கலந்து சரீரமெங்கும் சுற்றிவந்து, தனக்கு இடம் அமைந்திருக்கும் உறுப்புகளில் மட்டும் அது கிரியை செய்கிறது. இந்த உண்மையை விஞ்ஞானிகளுக்குப் போதித்த ஆசான்களுள் ஒன்று, விந்தையாக, ஒரு கொடிய விஷம்.

தென் அமெரிக்க வனங்களில் வாழும் பூர்வகுடி வேட்டைக்காரர்கள், சில காட்டுக்கொடிகளின் பட்டையைக் காய்ச்சி இறக்கும் குராரே என்னும் சாரத்தை அம்பு நுனியில் தடவி எய்வார்கள். அம்பு தைத்த பிராணி, தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, இறுதியில் மூச்சு விடுவதற்கான தசைகளும் ஓய்ந்துபோக, மாண்டுவிடும். ஆயினும் அதன் மாமிசத்தைச் சமைத்து உண்ட வேடனுக்கு யாதொரு தீங்கும் நேர்வதில்லை. புண் வழியாக இரத்தத்தில் புகுந்தபோது உயிரைக் குடித்த அதே வஸ்து, உணவாகப் போனபோது குடலின் சுவரைக் கடந்து இரத்தத்தை அடைவது மிக அற்பமே என்பதுதான் காரணம். ஆகவே, மருந்து எந்த வழியாகச் செல்கிறது என்பது முதல் விஷயம். இன்சுலின் புரதமாதலால், வாய்வழியே கொடுத்தால் உணவைப்போல் ஜீரணமாகிவிடும்; அதனால் ஊசியாகப் போடுகிறார்கள். நெஞ்சுவலிக்காரர் நைட்ரோகிளிசரின் மாத்திரையை விழுங்காமல் நாக்கின் அடியில் வைத்துக்கொள்வதும், குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கேயே பெரும்பகுதி அழிந்துவிடாமல் அது இரத்தத்தில் நேரே சேரவேண்டும் என்பதற்காகத்தான்.

இரண்டாவது விஷயம், மருந்து வேலை செய்யும் ஸ்தானம். 19ஆம் நூற்றாண்டின் மத்தியில், பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட், தவளைக்குக் குராரே கொடுத்துச் சோதித்தார். நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது தசை அசையவில்லை. தசையையே நேராகத் தூண்டியபோதோ அது சுருங்கிற்று. தசை கெடவில்லை, நரம்பும் கெடவில்லை, இரண்டும் கூடுமிடத்தில்தான் செய்தி தடைப்படுகிறது என்று இத்தகைய சோதனைகளால் தெளிவாயிற்று. 1905இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர், மருந்தைப் பற்றிக்கொள்ளும் விசேஷப் பொருள் ஒன்று தசையில் இருக்கவேண்டும் என்று கூறினார். அதையே இன்று ஏற்பி என்கிறோம்.

நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் ரசாயனம் சுரந்து, தசையிலுள்ள ஏற்பியில் பொருந்தும்போது தசை சுருங்குகிறது. குராரே அந்த இடத்தை முந்திப் பிடித்துக்கொள்கிறது. ரயில் பெட்டியில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல, தான் ஒரு வேலையும் செய்யாமல், வேலை செய்ய வருபவரை உட்காரவிடாமல் தடுப்பதே அதன் தொழில். அசிட்டைல்கோலினின் அளவு பெருகினால், குராரேயின் பிடி தளர்ந்து தசை மீண்டும் இயங்கும். இதிலிருந்து நாம் உணரவேண்டியது, இத்தகைய மருந்துகள் உடலில் இல்லாத சக்தி எதையும் புதிதாகச் சிருஷ்டிப்பதில்லை, ஏற்கெனவே நடைபெறும் காரியத்தைத் தூண்டுகின்றன அல்லது தடுக்கின்றன என்பதே. ஒரே மாதிரியான ஏற்பி பல உறுப்புகளில் இருக்கக்கூடுமாதலால், வேண்டிய பலனோடு வேண்டாத பலனும் சேர்ந்து வருவது இயல்பாகிறது.

மூன்றாவது விஷயம் அளவும் காலமும். 1814இல் சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேய யாத்திரிகர், குராரே செலுத்தப்பட்டுச் சவம்போல் விழுந்துவிட்ட ஒரு கழுதையின் மூச்சுக்குழலில், துருத்தியால் சில மணி நேரம் காற்றை ஊதச் செய்தார். விஷத்தின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்து நின்று, பின்னும் பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தது. எந்த மருந்தும் உடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. கல்லீரல் அதைச் சிதைக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. பாரசிட்டமால் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 அல்லது 3 மணி நேரம் போதும். இருதய மருந்தாகிய டிகாக்சினுக்கோ ஒன்றரை நாள் ஆகும். பெனிசிலின் கிடைப்பதற்கரிதாயிருந்த ஆரம்ப நாட்களில், அது விரைவில் சிறுநீரோடு வெளியேறிவிட்டதால், நோயாளியின் சிறுநீரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து மறுபடியும் உபயோகித்தார்கள். ஒரு மருந்தை நாளுக்கு மூன்று வேளையும் மற்றொன்றை ஒரே வேளையும் சாப்பிடச் சொல்வதற்கு, மருந்துகள் வெளியேறும் வேகம் இப்படி வேறுபடுவதே முக்கிய காரணம்.

இவ்வளவும் விளங்கிய பின்னரே விஷம் மருந்தாயிற்று. 1942 ஜனவரியில், கனடாவின் மாண்ட்ரியல் நகரில், ஹெரால்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் என்னும் மருத்துவர்கள், மயக்க நிலையிலிருந்த நோயாளிக்கு, சுத்தி செய்யப்பட்ட குராரேயை அளந்து செலுத்தி, சத்திர சிகிச்சைக்குத் தடையாயிருக்கும் தசை இறுக்கத்தைத் தளர்த்திக் காட்டினார்கள். அளவே ஒரு பொருளை விஷமாக்குகிறது என்று 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் கூறிய கருத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டியதில்லை.

ஆகையால் நேயர்களே, மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவையும் வேளையையும் உங்கள் இஷ்டப்படி கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம். கல்லீரலிலோ சிறுநீரகத்திலோ கோளாறு உண்டானால், அல்லது வேறு மருந்து ஏதேனும் உட்கொண்டு வந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.