மூச்சும் சிக்கனமும்



சத்தியவேட்டுத் தமிழர் ஊரை விட்டுப் பெயராமலே வேற்று மாநிலத்தவர் ஆனவர்கள். செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1960ஆம் ஆண்டு எல்லைத் திருத்தத்தால் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திற்குச் சென்றது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. தில்லியிலும் மும்பையிலும் வாழும் உங்களைப் போலவே, அங்கும் பலருக்கு வீட்டில் ஒரு மொழி, மருத்துவமனையில் வேறொரு மொழி. நாட்பட்ட நுரையீரல் நோய் உடையார்க்கு இது பெருஞ் சங்கடம். மூச்சு முட்டும்போது தாய்மொழியிலேயே ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாதே!

இந்நோயில் மூச்சுக்குழல்கள் சுருங்கிவிடுகின்றன. பீடியும் சுருட்டும், பல்லாண்டு விறகடுப்புப் புகையும், காசநோய் ஆறிய பின் நின்ற தழும்பும் இதற்குக் காரணமாகலாம். புகை குடித்தறியாத பெண்டிர்க்கும் இது வருவதன் காரணம் அடுப்பங்கரையில் இருக்கிறது. நோயாளி, காற்றுப் போதவில்லை என்கிறார். உண்மையிலோ, உட்சென்ற காற்று முழுதும் வெளியேறாமல் தங்கிப் புதுக்காற்றுக்கு இடம் மறுக்கிறது. ஆதலின், பதறி மேலும் மேலும் இழுத்தல் பயன் தராது. மூக்கால் இழுத்து, சூடான பாலை ஊதி ஆற்றுவது போல் உதடு குவித்து, இழுத்த நேரத்தைப் போல் இருமடங்கு நேரம் மெல்ல விடவேண்டும். சற்றே முன் சாய்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றி அமர்தலும் உதவும்.

நோய் முற்றிலும் நீங்குவதில்லை. எனினும் நாளை நடத்தலாம். முக்காலியில் அமர்ந்து குளிக்கலாம். வயிறு புடைக்க உண்டால் மூச்சுக்கு இடம் குறையும். சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது நன்று. ஓய்வே மருந்தென்று நோயாளியைக் கட்டிலில் கிடத்திவிடுகிறார்கள் நம் வீட்டார். அன்பினால் செய்யும் தவறு இது. நடவாத கால்கள் வலுவிழந்து, பத்தடிக்கே மூச்சு வாங்கும். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் போகித் தீயும் அவர் அருகே வேண்டா.

உறிஞ்சு மருந்தைப் பலர் தொண்டைக்கே ஊட்டி வீணாக்குகின்றனர். தெளிக்கும் வகையாயின், குலுக்கி, மூச்சை வெளிவிட்டு, மருந்தை அழுத்தும்போதே மெல்ல ஆழ இழுத்துப் பத்து விநாடி நிறுத்துக. பின்னர் வாய் கொப்பளித்தல் நலம். வீட்டில் பிராணவாயு வைத்திருப்போர் மருத்துவர் குறித்த அளவை மீறலாகாது. மிகுதியும் சிலர்க்குத் தீங்காகும்.

வீட்டிலா இதெல்லாம் நடக்கும் என்பார்க்கு ஒரு செய்தி. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வொன்று, காசநோயாளரை வீட்டில் வைத்து மருந்தளித்தாலும் சானடோரியத்திற்கு ஏறத்தாழ ஈடான பயன் கிட்டும் என 1959இல் காட்டியது. அது வேறு நோய்தான். ஆயினும் ஒழுங்காக மருந்துண்ணும் வீட்டின் வலிமையை உலகம் அன்று கண்டது.

சளி மிகுந்தாலோ, நிறம் மாறினாலோ, வழக்கத்தினும் மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவரைக் காண்க. உதடு நீலம் பாய்ந்தால், பேச்சுத் தடுமாறினால், ஒரு நொடியும் தாமதியாதீர். அந்நேரத்திற்கென இன்றே ஒரு சீட்டு எழுதுங்கள்: நோயின் பெயர், மருந்துகள், அளவு, ஒவ்வாதவை, உறவினர் தொலைபேசி எண். அவ்வூர் மொழி அறிந்த அண்டை வீட்டாரைக் கொண்டு அம்மொழியிலும் எழுதுவித்து, நோயாளியின் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வையுங்கள்.